உப்பு நிற்கும் தூரம்

தூறல்தான். மழை என்று சொன்னால் மழை கோபித்துக்கொள்ளும். இஸ்திரி போடுகிறவர் வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு துணிமேல் ஊதுவாரே, அந்த அளவு. ஆனால் பங்குனி மாசத்தில், சாயல்குடியிலிருந்து இத்தனை தூரம் உள்ளே தள்ளி, கருவேல முள்ளே வாடி நிற்கிற இந்தக் காட்டில், இதற்கே சனம் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்க்கும். நானும் அண்ணாந்துதான் நிற்கிறேன். வலது கை மட்டும் வால்வின்மேல் இருக்கிறது, எடுக்க மாட்டேன் என்கிறது, திருகவும் மாட்டேன் என்கிறது. அடைக்கவா, விடவா. அடை என்கிறார் இவர். இவர் என்றால் என் வீட்டுக்காரர், அழகுசுந்தரம், மதுரையில் தங்கை வீட்டுக் கட்டிலில் ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருக்கிறார், நேற்றுத்தான் புரை எடுத்தார்கள், குனியக் கூடாது, தும்மக் கூடாது, பேசவும் கூடாது என்று சேர்த்துச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் உபகாரமாக இருந்திருக்கும். காலையில் போன் போட்டவருக்கு மோட்டார் கொட்டகைத் தகரத்தில் தூறல் விழுகிற சத்தம் கேட்டுவிட்டது. கண்ணை மூடினால் காது வளர்ந்துவிடும் போல. "மழையா கொடி? அடிச்சது யோகம். வால்வை அடைச்சிரு, பிள்ளைக நல்ல தண்ணி குடிக்கட்டும்" என்றார். பிள்ளைக என்றால் தக்காளிச் செடிகள். பெங்களூரில் இருக்கிற சொந்தப் பிள்ளையை இத்தனை பிரியமாக ஒருநாள் சொன்னதில்லை. நான் சரி என்றேன். சரி என்று சொல்லிவிட்டு வந்து நின்றவள்தான், இன்னும் அடைக்கவில்லை. கறுப்புக் குழாய்கள் வரிசை வரிசையாக நீண்டு கிடக்கின்றன, ஒவ்வொரு செடியின் காலடியிலும் ஒரு சொட்டு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு சொட்டு, கிணற்றின் உவர்த் தண்ணீர், வாயில் வைத்தால் முகம் கோணும். மேலேயிருந்து வானத்துத் தண்ணீர், அதில் ஒரு கல் உப்பு கிடையாது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே செடிமேல் விழ, பார்க்கிறவர்கள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். நினைக்கட்டும். இந்தப் பயிர் போனால் இந்த நிலம் போகும். அது எனக்குத் தெரியும், இவருக்குத் தெரியும், வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டிய மட்டும் கண்ணாடித் தகடுகளைச் சாய்த்து வைத்திருக்கிற சூரிய மின்சாரக் கம்பெனிக்கும் தெரியும். சுற்றியிருக்கிற எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு தடவை நட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று இவர் மட்டும் வாய்தா வாங்கி வைத்திருக்கிறார். அந்த ஒரு தடவை என்கிற நிபந்தனையை வைத்ததே நான்தான். இதுவும் கருகினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு மதுரைக்குப் போய்விட வேண்டும், சம்மதமா என்று சாப்பிட உட்கார்ந்தவரைக் கையை நனைக்க விடாமல் கேட்டு வாங்கினேன். என் வாய் அப்படி.

போன வருஷமும் இதே மாதிரி ஒரு தூறல். இதே பங்குனி. அன்றைக்கு இவர் குழந்தை மாதிரி ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார், நான் வாழைக்காய் பஜ்ஜி போட்டேன், இரண்டு பேரும் கொட்டகையில் உட்கார்ந்து செடிகள் நனைவதைப் பார்த்துக்கொண்டே தின்றோம், மதுரை மில்லில் சூப்பர்வைசராக இருந்த காலத்தில்கூட இவர் இத்தனை அதிகாரமாக ஒரு பஜ்ஜியைக் கடித்து நான் பார்த்ததில்லை. பாவம் உப்பையே குடித்துக் குடித்து நொந்துபோன செடிகள், ஒரு நாளாவது வயிறு குளிரட்டும் என்றார், அடுத்த நாளும் தண்ணீர் விடவில்லை, ஈரம் இருக்கிறதே என்று. அந்த வாரமே இலை ஓரம் கருகியது. தீக்குச்சியால் ஓரத்தை மட்டும் தொட்டுத் தொட்டு எடுத்த மாதிரி, ஒவ்வோர் இலையிலும் ஒரு பழுப்புக் கரை, பிறகு கரை உள்ளே வந்தது, பிறகு இலையே இல்லை. சுட்டெரிக்கிற வெயிலில் நின்ற செடி, உப்பைக் குடித்து நின்ற செடி, நல்ல தண்ணீர் விழுந்த வாரத்தில் செத்தது. யாருக்காவது மண்டையில் ஏறுமா. இவர் முதலில் கண்ணேறு என்றார், பிறகு வைரஸ் என்றார், இலையைப் போட்டோ எடுத்து பெங்களூருக்கு அனுப்பினார், அவன் ஒரு அழுகிற முகத்தை அனுப்பினான், அவ்வளவுதான் அவனுடைய விவசாயம். அதற்குப் பிறகு பல நாள் இவர் பேசவே இல்லை. இவருடைய பேச்சு எனக்குத் தலைவலி, இவருடைய பேசாமை அதைவிட. நான் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவுவேன், ஒன்றும் சொல்ல மாட்டார், குழம்பில் உப்பு இல்லையே என்றுகூடச் சொல்ல மாட்டார். உப்பு இல்லாததற்குக் காரணம் உண்டு, இவருக்கு ரத்த அழுத்தம், சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வீட்டுக்காரருக்கு உப்பைக் கிள்ளிக் கிள்ளிப் போடுகிறேன், தோட்டத்துக்கு மோட்டார் வைத்து ஊற்றுகிறேன்.

வளையத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் நான் ஏன் இங்கே நனைந்துகொண்டு நிற்கிறேன் என்று யாருக்கும் விளங்காது, எனக்கே விளங்காது. சொட்டு விழுகிற இடத்தில் மண் கறுத்திருக்கும், அந்தக் கறுப்பு மெல்ல விரிந்து ஒரு தோசைக்கல் அகலத்துக்கு வட்டமாக நிற்கும், வெயில் ஏற ஏற அந்த வட்டத்தின் ஓரத்தில் உப்புப் பூக்கும். வெள்ளை வெளேரென்று. அரிசிமாவை இரண்டு விரலால் இழுத்த மாதிரி. ஒவ்வொரு செடியையும் நடுவில் வைத்து ஒவ்வொரு வளையம், வரிசைக்கு வரிசை, தோட்டம் முழுக்க. முதல்முதலில் அதைப் பார்த்த காலை நான் கையில் காப்பி டம்ளரோடு வந்தேன், காப்பி ஆறிப் போகும்வரை நின்றேன், ஆறின காப்பியை நான் குடித்ததாகச் சரித்திரமே கிடையாது. யார் போட்டது இது? இத்தனை கோலத்தை ஒரு பெண்பிள்ளை போட்டால் இடுப்பு ஒடிந்துவிடும். தண்ணீர் போட்டது. உப்புத் தண்ணீர்தான் செடிக்குப் போகிறது, அந்த உப்புத் தண்ணீரே உப்பைத் தள்ளிக்கொண்டும் போகிறது, போ போ அந்தப் பக்கம் போ என்று ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, நடுவில் செடிக்குக் கொஞ்சம் இடம் ஒழித்துக் கொடுக்கிறது. சொட்டு விழுகிற வரைக்கும் உப்பு ஓரத்தில் நிற்கும். சொட்டு நின்றால்? அங்கேதான் என் மனசு போன வருஷத்திலிருந்து மாட்டிக்கொண்டு கிடக்கிறது, முள்வேலியில் முந்தானை மாட்டின மாதிரி, இழுத்தால் கிழியும், விட்டால் நகர முடியாது. சொட்டு நின்று, மேலேயிருந்து தூறல் விழுந்து, ஓரத்து உப்பு கரைந்தால், கரைந்த உப்பு எங்கே போகும்? எந்தப் பக்கம் போகும்?

மோட்டார் சத்தத்தில் ஆட்டு மணிச் சத்தம் காதில் விழவில்லை. திரும்பினால் குருவம்மாள் வேலியோரம் நிற்கிறாள், தலையில் உரச்சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு, பின்னால் அவளுடைய ஆடுகள். பக்கத்தில் இருக்கிற ஒரே வீடு அவளுடையது. நான் இங்கே வந்த புதிதில் என் செருப்பைப் பார்த்துச் சிரித்தாள், நான் பேசுகிற தமிழைக் கேட்டுச் சிரித்தாள், நாய்க்கு இங்கிலீஷ் பேசினேன் என்று ஊரெல்லாம் சொன்னாள், சொன்னது உண்மைதான், கான்வென்ட்டில் படித்தவளுக்குக் கோபம் வந்தால் அதுதான் வரும். இப்போது வாயைத் துணியால் பொத்திக்கொண்டு பார்க்கிறாள், பார்த்துவிட்டு மெதுவாக ஆரம்பிக்கிறாள். "என்ன மதினி, வானத்துக்கே தண்ணி காட்டுறீகளா?" வால்வு இறுகிவிட்டது என்று சொல்லிவிடலாமா. பொய் சொன்னால் வந்து திருகிக் கொடுத்துவிடுவாள், அவள் கை அப்படி. நான் தெரிந்துதான் விட்டிருக்கிறேன் என்றேன். அண்ணன் ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்து செடியைக் கொன்றுவிட்டு மதுரைக்குப் போகத் திட்டமா என்று கேட்டாள், சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், ஆனால் அது என் நெஞ்சில் போய்க் குத்திக்கொண்டு நின்றது. அப்படித்தான் நினைப்பார்கள். இவரும் அப்படித்தான் நினைப்பாரோ? இந்த இடத்தை நாள் தவறாமல் திட்டினவள் நான். குடிக்கிற தண்ணீர் லாரியில் வர வேண்டியிருக்கிறது, தலைக்குக் குளித்தால் மயிர் தென்னை நாராகிறது, துவைத்த துணி காய்ந்ததும் தானே எழுந்து நிற்கிறது என்று எல்லாவற்றையும் சொன்ன வாய் இது. இன்றைக்குச் செடி கருகினால், அடைக்கச் சொல்லியும் அடைக்காமல் உப்புத் தண்ணீரை விட்டுக் கருக்கினாள் என்றுதானே ஆகும்? ஆண்டவனே. அடைத்துவிட்டால் ஒரு குற்றமும் என்மேல் வராது. அடைத்துவிட்டுச் செடி கருகினால் மழை மேல் பழி, வைரஸ் மேல் பழி. கையைத் திருகினால் போதும். கை திருக மாட்டேன் என்கிறது.

ஆடு. ஆட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கறுப்பு ஆடு வேலிக் கம்பிக்குள் கழுத்தை நீட்டி மண்ணை நக்குகிறது. ஓரத்துச் செடியின் வளையத்தை, வளையம் இருந்த இடத்தை. செடியைத் தொடவில்லை, வளையத்தை மட்டும், நாக்கு போய்ப் போய் வருகிறது. அது புதுசு இல்லை, இந்த ஆடுகளுக்கு உப்பு என்றால் பிராணன், வேலி கட்டுவதற்கு முன்னால் எல்லா வளையத்தையும் நக்கிவிட்டுப் போகும், இவர் கம்பை எடுத்துக்கொண்டு ஓடுவார். புதுசு என்னவென்றால், போன வருஷம் செடி செத்தபிறகு நான் பார்த்தது. செத்த தோட்டத்துக்குள் ஆடு புகுந்தால் என்ன, புகாவிட்டால் என்ன என்று இவர் படலைத் திறந்துபோட்டுவிட்டார். நான் துணி காயப்போட்டுக்கொண்டு பார்த்தேன். ஆடுகள் உள்ளே வந்தன, வளையத்தை நக்கவில்லை. நேராகச் செத்த செடியின் தூருக்குப் போய், தண்டை ஒட்டி, அங்கே நக்கின. எல்லா ஆடும். ஒன்றைப் பார்த்து ஒன்று செய்யவில்லை, ஒவ்வொன்றும் தானாகப் போய் ஒவ்வொரு செடியின் காலடியில் மண்டியிட்டு நக்கிற்று, கோயிலில் கும்பிடுகிற மாதிரி இருந்தது எனக்கு, கையில் இருந்த ஈரத்துணி சொட்டச் சொட்ட அப்படியே நின்றேன். அப்போது ஏன் என்று தோன்றவில்லை. அழகாக இருந்தது, பயமாக இருந்தது, அவ்வளவுதான். ராத்திரி படுத்தபிறகுகூட அந்த நாக்குகள் வந்தன. உப்பு இடம் மாறியிருக்கிறது என்று அவை சொல்லிக்கொண்டிருந்தன, கேட்க ஆள் இல்லை.

அப்புறம் மை. பார், இந்த மனசு எங்கே போகிறது. நாலாம் வகுப்பு, வெள்ளைப் பாவாடை, பேனா கக்கி மடியில் ஒரு நீலப் பொட்டு, மிளகு அளவுதான். கான்வென்ட்டில் வெள்ளைச் சீருடையில் கறை என்றால் அது ஆத்மாவில் கறை என்கிற மாதிரிப் பேசுவார்கள், எனக்கு உயிரே போய்விட்டது, கைக்குட்டையை எச்சிலில் நனைத்து ஒத்தி ஒத்தி எடுத்தேன். ஒத்த ஒத்த அது பெருசாயிற்று. மிளகு நாணயமாயிற்று, நாணயம் அப்பளமாயிற்று, ஓரமெல்லாம் ஊதா. நான் அழ, சிஸ்டர் கொர்னேலியா வந்து, மீசை முளைத்த அந்த நல்ல மனுஷி, என் காதைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனார். "டோன்ட் டாப், சைல்ட், டோன்ட் டாப்." ஒத்தாதே குழந்தை, கொஞ்சத் தண்ணீர் கறையைப் பரப்பும், நிறையத் தண்ணீர்தான் கறையைக் கொண்டுபோகும் என்று குழாயை முழுக்கத் திறந்து மடியை அதன் அடியில் பிடித்தார். நீலம் ஒரு கயிறு மாதிரி இறங்கிற்று. சாக்கடை வரைக்கும் ஒரு நீலக் கயிறு. வெள்ளை வந்துகொண்டே இருந்தது, நடுவிலிருந்து, கறை விலக விலக. நான் அழுகையை மறந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன், அதற்கும் ஒரு குட்டு விழுந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனை கறையை எடுத்திருக்கிறேன், மஞ்சள் கறை, எண்ணெய்க் கறை, பையன் சட்டையில் நாவல்பழக் கறை, ஒவ்வொன்றுக்கும் குழாயைத் திறக்கிறபோது அந்த நீலக் கயிறு ஒரு கணம் வந்துவிட்டுப் போகும், ஆனால் அது தக்காளிச் செடியோடு வந்து முட்டும் என்று எவள் கண்டாள். இந்தத் தூறல் என் எச்சில் கைக்குட்டை. ஒத்தி ஒத்தி ஓரத்து உப்பை நடுவுக்குக் கொண்டுவரும். பெரிய மழையாக இருந்தால் தானே அடித்துக்கொண்டு போயிருக்கும், இது வக்கில்லாத மழை. குழாயை அடைத்துவிட்டு இதை மட்டும் நம்பினால் உப்பு நேராக வேருக்கு வரும், போன வருஷம் வந்த மாதிரி, ஆட்டின் நாக்குக்குத் தெரிந்த மாதிரி. சொட்டு விழுந்துகொண்டே இருந்தால், உப்புத் தண்ணீராகவே இருந்தாலும், வராதே, அங்கேயே நில் என்று தள்ளிக்கொண்டிருக்கும். இருக்கும்தானே? இருக்க வேண்டும். ஒரு பாவாடையையும் நாலு ஆட்டையும் நம்பி ஒரு மனுஷனுடைய நிலத்தைப் பணயம் வைக்கிறேன். இதை இவரிடம் போனில் எப்படிச் சொல்வேன், சிரிக்கக்கூடாது என்று கண்ணுக்கு உத்தரவு வேறு.

தூறல் கொஞ்சம் வலுக்கிறது, வலுத்து மறுபடி மெலிகிறது, இதற்கு ஒரு புத்தி கிடையாது. வளையங்கள் போய்விட்டன. எல்லா மண்ணும் ஒரே கறுப்பு, எது செடிக்குப் பக்கம், எது தள்ளி என்று கண்ணுக்குத் தெரியவில்லை, உப்பு இப்போது கண்ணுக்குத் தெரியாமல் நடமாடுகிறது என் காலுக்கு அடியில். இந்தத் தரைக்கு அடியில் கடல் இருக்கிறது என்று ஒருநாள் இவர் சொன்னார், கிணற்றுக்குள் குனிந்து எட்டிப் பார்த்துக்கொண்டே, தண்ணீர் கடல்லேர்ந்து நமக்குத் தெரியாம ஊறி ஊறி வருது கொடி என்று, நான் சும்மா இருங்கள், தலை சுற்றுகிறது என்றேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தரை அசைகிற மாதிரி இருந்தது. கடற்கரைக்கு வண்டியில் போக வேண்டும், இங்கிருந்து அலை கேட்காது, இருந்தாலும் அது அடியில் வந்து நிற்கிறது, எங்கள் அடுப்படிக்கு அடியில், படுக்கைக்கு அடியில், மூச்சுவிடாமல். அதைத்தான் இறைத்துத் தக்காளிக்குக் கொடுக்கிறோம். அந்தக் கடலைத்தான் நூல் மாதிரி வேரால் இழுத்து, எதை எடுப்பது எதைத் தள்ளுவது என்று அதற்கு எப்படித் தெரியுமோ, தள்ளிவிட்டு, மிச்சத்தை மேலே கொண்டுபோய்... போன வருஷம் கருகுவதற்கு முன்னால் பழுத்த நாலைந்து பழங்களில் ஒன்றை இவர் பறித்து வேட்டியில் துடைத்துக் கொடுத்தார். சின்னது, எலுமிச்சைக்குக் கொஞ்சம் பெருசு, தோல் தடிப்பு. மதுரைச் சந்தையில் இதை நான் திரும்பியும் பார்த்திருக்க மாட்டேன். கடித்தேன். இனித்தது. புளிப்புக்குப் பின்னால் வருகிற தித்திப்பு இல்லை, முதலிலேயே, தைரியமாக, பழம் மாதிரி இனித்தது, நான் இன்னொரு தடவை கடித்துப் பார்த்தேன், நாக்கு பொய் சொல்கிறதோ என்று. முகம் கோணுகிற தண்ணீரைக் குடித்துவிட்டு இதையா கொடுத்தாய் என்று செடியைப் பார்த்தேன். அது சும்மா நின்றது. கஷ்டப்படுத்தினால்தான் இனிக்குமாம், உப்பைத் தாங்குவதற்காகச் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்ளுமாம், இவர் எங்கேயோ கேட்டு வைத்திருந்தார். எனக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை. கஷ்டப்பட்ட எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், என் மாமியார் உட்பட, ஒருத்தரும் இனித்ததில்லை. இது வேறு என்னவோ. எனக்குத் தெரியாதது. எல்லாம் தெரியும் என்று பேசுகிற என்னை வாயடைக்க வைத்தது என் ஆயுசில் அந்தப் பழம் ஒன்றுதான், இவர் கேட்டார், எப்படி இருக்கு என்று, பரவாயில்லை என்றேன். பரவாயில்லை! இன்னும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இவருக்குத் தெரியாது நான் தினமும் விடியும் முன்னால் எழுந்து வந்து வளையங்களைப் பார்க்கிறேன் என்று. மதுரைக்குப் போக நான் துடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்காகத்தான் கம்பெனிக்குக் கொடுக்கப் பார்க்கிறார். இவர் வாங்கின வாய்தா இன்றைக்கோடு முடிகிறது, சாயங்காலம் கம்பெனிக்காரர்கள் இவருக்குப் போன் செய்வார்கள், கடைசியாகக் கேட்பார்கள். கொடியும் பாவம், எத்தனை நாள்தான் உப்புத் தண்ணீரில் குளிப்பாள் என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறார். கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாமல் குக்கர் மூடியைப் போட்டு உடைத்தேன்.

மோட்டார் சத்தம் மாறுகிறது. உம் என்று இருந்தது முனக ஆரம்பிக்கிறது. கரண்டு இறங்குகிறது, மழை கண்ட கரண்டு, தெரிந்த கதைதான். நிற்காதே. நின்றால் சொட்டு நின்றுவிடும், தூறல் நிற்காது, உப்பு உள்ளே வந்துவிடும். நிற்காதே என்கிறேன், ஒரு இரும்பிடம் கெஞ்சுகிறேன். பிள்ளைப்பேற்றில்கூட நான் கெஞ்சவில்லை, அதட்டினேன் என்று நர்ஸ் சொன்னாள். குழாய் முனையில் சொட்டு மெலிகிறது, ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் இடைவெளி நீள்கிறது, அந்த இடைவெளிக்குள் நான் முழுசாக விழுந்துகொண்டிருக்கிறேன், இலை ஓரம் கருகுகிறது, இவர் மறுபடி பேசாமல் உட்கார்கிறார், தகடுகள் வேலியைத் தாண்டி வருகின்றன, வளையம் இருந்த ஒவ்வோர் இடத்திலும் ஓர் இரும்புக் கால். சொட்டு. விழுந்துவிட்டது. இன்னொன்று. மோட்டார் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி உம் என்கிறது. நான் எப்போது வால்விலிருந்து கையை எடுத்தேன்? எடுத்திருக்கிறேன். கைகள் இரண்டும் நெஞ்சோடு சேர்ந்து கிடக்கின்றன, கான்வென்ட் பிரேயரில் நிற்கிற மாதிரி. சரி, அப்படியானால் முடிவாகிவிட்டது போல. குருவம்மாள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், இப்போது சிரிக்கவில்லை.

நின்றுவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் தூறல் நின்று, மேகம் கடற்பக்கம் போய், பளீரென்று வெயில். இலையெல்லாம் மினுங்குகிறது, பச்சையாகத்தான் இருக்கிறது, இன்றைக்குப் பச்சையாகத்தான் இருக்கும், போன வருஷமும் இருந்தது, கருகுவதற்கு நாள் ஆகும். அதுவரைக்கும் என்னால் இருக்க முடியாது. அடுப்பில் குழம்பு கொதித்தால் இறக்கும்வரை பொறுக்காமல் கரண்டியில் எடுத்து ஊதி நக்குகிறவள் நான். நக்குகிறவள். ஆமாம். சேலையை முழங்காலுக்கு இழுத்துச் செருகிக்கொண்டு முதல் வரிசையில் ஒரு செடியின் முன்னால் மண்டி போட்டேன். தண்டை ஒட்டி, சொட்டு விழுகிற இடத்தில், ஒரு சிட்டிகை மண். உப்புப் போடுகிற அதே மூன்று விரல். நாக்கில் வைத்தேன். குளிர்ச்சி, நறநறப்பு, மண் வாடை, அப்புறம் மெதுவாக உப்பு வந்தது, எனக்குத் தெரிந்த உப்புதான், கிணற்று உப்பு, பல் தேய்க்கிறபோது வருகிற அதே உப்பு, அதற்கு மேல் இல்லை. காத்திருந்தேன். அதற்கு மேல் இல்லை. பிறகு கையைக் கொஞ்சம் தள்ளி, வளையம் இருந்த இடத்தில். அங்கேயும் அத்தனை இல்லை. எங்கே போனாய்? இன்னும் தள்ளி, இரண்டு செடிக்கும் நடுவில், குழாய்க்கு வெளியே. வைத்த உடனே நாக்கு சுருண்டது. கசப்பு, கரிப்பு, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஒரு ஜாடி ஊறுகாயின் அடி உப்பு முழுக்க அங்கே நின்றுகொண்டிருந்தது. வெளியே. முன்னைவிடத் தள்ளி. தள்ளிக்கொண்டு போய் நிறுத்தியிருக்கிறது. அடுத்த செடிக்கு ஊர்ந்து போனேன், அதற்கடுத்ததற்கு. எல்லா இடத்திலும் நடுவில் அந்த இடம், கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம், உள்ளே வராதே என்று சொட்டுச் சொட்டாகச் சொல்லி ஒழித்து வைத்த ஓர் இடம், அதன் நடுவில் ஒரு செடி, ஒன்றுமே நடக்காத மாதிரி. நான் நாலு காலில் நின்றுகொண்டு அழுதேனா சிரித்தேனா, வாயெல்லாம் மண்.

குருவம்மாள் வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "மதினி, என் ஆடுகதான் வாயில்லாத சீவன். ஒங்களுக்கு என்ன வந்துச்சு?" அவளையும் கூப்பிட்டேன், வந்து நக்கிப் பார் என்றேன். அதற்கு வேறு ஆளைப் பார் என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள், போகிற வழியில் மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள், ஒரு திருப்பத்தில் குனிந்து எதையோ விரலால் தொட்டு வாயில் வைத்த மாதிரி இருந்தது, கண்ணாடி போடாத கண், சத்தியம் பண்ண மாட்டேன். போன் அடித்தது. சேற்றுக் கையோடு எடுத்தேன். இவர்தான். தூறல் நின்றுவிட்டதா, நன்றாக நனைந்ததா, வால்வை எப்போது அடைத்தாய் என்று வரிசையாகக் கேட்டார்.

"அடைக்கல" என்றேன்.

திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், எங்களுக்கு அது சௌகரியம். "ஏன் கொடி" என்றார், மெதுவாக, ரொம்ப மெதுவாக, அவருக்குள் எதுவோ பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. மையையும் ஆட்டையும் சிஸ்டரையும் போனில் சொல்ல முடியாது, வந்ததும் சொல்கிறேன், நீங்கள் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டியது ஒன்று இங்கே இருக்கிறது என்றேன். பிறகு, நினைத்து வைத்துக்கொண்டதில்லை, மண்ணோடு சேர்ந்து வாயிலிருந்து விழுந்தது.

"சாயங்காலம் அந்தக் கம்பெனிக்காரங்க கேட்டா, தர முடியாதுன்னு சொல்லிருங்க."

"செடி என்ன ஆகும்னு தெரியாமலா?"

"என்ன ஆனாலும்."

"கருகினா பெட்டியைக் கட்டணும்னு நீதான சொன்ன."

"கருகினா மறுபடி நடுவோம்."

பேசுவது நீதானா என்று கேட்டார். கட்டுப் போட்டது கண்ணில்தானே, காதில் இல்லையே என்று சொல்லி வைத்துவிட்டேன், இன்னும் ஒரு வார்த்தை பேசினால் குரல் காட்டிக் கொடுத்துவிடும். வெயில் ஏறுகிறது. குளிக்க வேண்டும், அடுப்பைப் பற்றவைக்க வேண்டும், இந்தச் சேலை இனிமேல் சேலை இல்லை. போகவில்லை. முதல் செடியின் பக்கத்தில் அப்படியே சேற்றில் உட்கார்ந்துகொண்டேன், எதற்கும் காத்திராத நான், ஈரம் ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வருவதைப் பார்த்துக்கொண்டு. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, முன்பு வளையம் இருந்த இடத்துக்கு ஒரு சாண் வெளியே, கறுத்த மண்ணில் ஓர் இழை வெளுத்தது, இல்லை என்று நினைக்கும் அளவுக்கு மெல்லியதாக, பிறகு அதன் பக்கத்தில் இன்னொரு இழை. வாயில் மண் இன்னும் இருக்கிறது. துப்பத் தோன்றவில்லை.